லைசன்ஸைத் திருப்பித் தரவும் ஒரு வழி வையுங்கள்

சர்வர் மென்பொருள் செய்து விற்பவர்களுக்கு,

வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் வைக்காத நெட்வொர்க்கில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இப்படிப்பட்ட இடங்கள் இருப்பது உங்களுக்கும் தெரியும், தெரிந்துதானே இணையமில்லாமலே லைசன்ஸைச் செயல்படுத்த ஆஃப்லைன் ஆக்டிவேஷன் என்று ஒன்றை வைத்திருக்கிறீர்கள். சர்வரில் ஒரு கோரிக்கைக் கோப்பை உருவாக்கி, பென்டிரைவில் எடுத்துப்போய், இணையம் உள்ள கணினியிலிருந்து உங்கள் போர்ட்டலில் ஏற்றி, அது தருகிற பதில் கோப்பைக் கொண்டுவந்து போட்டால் வேலை முடிந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன்.

அதே லைசன்ஸைக் கழற்றி வேறு சர்வரில் போட வேண்டுமென்றால்தான் வம்பு. டீஆக்டிவேட் பட்டனை அழுத்தினால் 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்கிறது. இல்லாத இணைப்பை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

ஒரு முறை பழைய சர்வரில் மென்பொருளை நீக்கி, வட்டையும் அழித்துவிட்டு, புதியதில் ஆக்டிவேட் செய்யப் போனேன். அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வந்தது. நீக்கினால் லைசன்ஸும் விடுபடும் என்று நினைத்தது என் தப்புதான். சர்வரில் சாவியை அழிப்பது வேறு, உங்கள் கணக்கில் இடம் காலியாவது வேறு. ஆனால் உதவிப் பிரிவுக்கு எழுதினால் வந்த பதில் இது: பழைய சர்வரிலிருந்து டீஆக்டிவேட் செய்யுங்கள். எந்த சர்வர்? அதைத்தான் துடைத்துவிட்டேன் என்று இரண்டு வரி முன்னால் சொல்லியிருந்தேனே!

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. திருப்பிக் கொடுத்தேன் என்று ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, விஎம்மை (மென்பொருளாகவே ஓடும் சர்வரை) பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த நிலைக்கு, திருப்பினால் லைசன்ஸ் மறுபடி உயிர் பெற்றுவிடும். சரி. ஆனால் ஏமாற்ற நினைக்கிறவன் ஆக்டிவேட் செய்த விஎம்மை அப்படியே நகலெடுத்து ஓட்டப் பார்ப்பான், அவனுக்கு டீஆக்டிவேட் பட்டனே தேவையில்லை. பட்டன் இல்லாமல் மாட்டிக்கொள்வது ஒழுங்காகத் திருப்பித் தர வருகிறவன்தான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போகிற வழியில் இருப்பது போலவே வருகிற வழியிலும் ஒரு கோப்பு: சர்வர் தன் லைசன்ஸை முடக்கிவிட்டு, கையொப்பமிட்ட சான்றுக் கோப்பைத் தரட்டும், அதை நான் போர்ட்டலில் ஏற்றினால் இடம் காலியாகட்டும். பென்டிரைவே நுழையாத இடங்களுக்கு, கையால் தட்டக்கூடிய குறியீடு போதும். தொலைபேசி வழியாக விண்டோஸை ஆக்டிவேட் செய்தவர்கள் 63 இலக்கத்தைப் படித்துச் சொல்லி, 48 இலக்கத்தைத் திரும்ப எழுதிக்கொண்டவர்கள்தான், எங்களுக்குப் பொறுமை உண்டு. ஸ்னாப்ஷாட் பயம் போகவில்லையென்றால் லைசன்ஸுக்கே ஆயுள் வையுங்கள். நிறுவனத்தின் சொந்த சர்வரே ஆக்டிவேஷன் தரும் விண்டோஸின் கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும், அதற்குள் உள் நெட்வொர்க்கில் இருக்கிற சர்வரிடமே புதுப்பித்துக்கொள்ளலாம், இணையம் வேண்டாம்.

அப்புறம், மதர்போர்டு எரிந்துபோன சர்வர். அந்த சர்வரால் எந்தச் சான்றும் தர முடியாது. அதற்கு வருடத்துக்கு இத்தனை முறை என்று கணக்கு வைத்து, போர்ட்டலிலேயே நாங்களே விடுவித்துக்கொள்ள விடுங்கள். நான் துடைத்த அந்த சர்வர் உங்கள் போர்ட்டலில் இன்னும் 'இயங்குகிறது' என்றுதான் பச்சையாக நிற்கிறது.

இப்படிக்கு,
பென்டிரைவோடு நடக்கிற சர்வர் நிர்வாகி ஒருவன்