பூங்கோரைக்கு மர்மம் என்று பெயரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில், பாம்பன் பக்கம் கடல் பச்சையானது பற்றிய செய்தியில், 'மர்மமான முறையில் நிறம் மாறிய கடல். மீனவர்கள் பீதி' என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்குகிறவன் நான். அதற்கு மேல் அன்று படிக்க மனம் வரவில்லை.

பீதியடைந்த மீனவர் யார் ஐயா? கடல் இப்படிப் பச்சையாவதற்கு எங்கள் ஊரில் பூங்கோரை என்று பெயர். தென்மேற்குக் காற்றான கச்சான் ஓய்ந்து, வடகிழக்குக் காற்றான வாடை பிறக்காத புரட்டாசி, ஐப்பசியில், கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில் வரும். என் அப்பா வள்ளத்தின் ஓரத்தில் கையை விட்டு நீரை அள்ளி விரல்களைத் தேய்த்துப் பார்ப்பார். வழவழப்புத் தட்டினால் வலையை இறக்க மாட்டார். அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் பச்சை மேலே ஏறி நிற்கும். உற்றுப் பார்த்தால் கசகசாவைப் போல மணி மணியாகத் தெரியும். நாக்டிலூக்கா என்ற மிதவை உயிர் அது. கச்சான் கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள சத்து மேலே வருகிறது, நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று இது பெருகுகிறது. இதன் உடலுக்குள்ளேயே வாழும் பாசிதான் அந்தப் பச்சை. மொத்தமாகச் செத்து அழுகும்போது நீரில் உயிர்க்காற்று குறைந்து, ஓரா போன்ற கரையோர மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன.

எல்லா ஆண்டும் ஒன்றுபோல் வராது. 2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் 'அப்பா தீவு' என்ற தீவின் பக்கம் கடுமையாக வந்தது, 2019 செப்டம்பரில் மறுபடியும். இடையில் பல ஆண்டுகள் லேசாக வந்து இரண்டே நாளில் கலைந்ததைப் பார்த்திருக்கிறேன். கச்சான் எவ்வளவு அடித்தது, காற்றில்லாமல் எத்தனை நாள் வெயில் காய்ந்தது என்பது என் அப்பாவின் கணக்கு.

மண்டபத்தில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருப்பது தாங்கள் அறியாததல்ல. பாக் விரிகுடாவில் நாக்டிலூக்கா பெருகுவதையும், அது சூடை மீன்பிடிப்பை என்ன செய்கிறது என்பதையும் ஆராய்ச்சியாளர் ஆர். ரகு பிரசாத் 1953-லேயே எழுதிவிட்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது மர்மமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்தபோது தாங்கள் அரைப் பக்கத்துக்கு வண்ணப்படம் போட்டீர்கள். அதுவும் இதே நாக்டிலூக்காதான். அடுத்த மாதம் எங்கள் கரையில் மீன் செத்து ஒதுங்கியபோது மூன்று அங்குலச் செய்தி. அதிலும் 'விஷப் பாசி' என்று தலைப்பு. நாக்டிலூக்கா விஷம் சுரப்பதாக யாரும் கண்டறியவில்லை. அந்தத் தலைப்பு வந்த நாளில் என் தங்கை ராமநாதபுரம் சந்தைக்குக் கொண்டுபோன மீன்கூடையை அப்படியே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்தாள். தொலைவில், தெளிந்த நீரில் அன்று பிடித்த பாறை மீன் அது. கரையில் ஒதுங்கிய மீனை எங்கள் ஊரில் யாரும் விற்பதில்லை. ஐஸ் கரைந்து கூடையின் அடியிலிருந்து அவள் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணே, பேப்பர்ல போட்டுட்டாங்களாம்" என்றாள். அப்போதும் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம்.

தடைக்காலம் 61 நாள் என்பதைப் பிழையில்லாமல் போடுகிறீர்கள், புயல் கூண்டு எண்ணையும் போடுகிறீர்கள். கடலுக்குள் ஆண்டுதோறும் பருவம் மாறுவது மட்டும் எப்போதும் அதிசயச் செய்தியாகவே வருகிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தங்கள் செய்தியாளர் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'மர்மம்' என்ற சொல்லுக்கு அதே ஐந்தாம் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த புரட்டாசியில் இந்தச் செய்தி வரும்போது பூங்கோரை என்ற பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பாம்பன்