‘வெறும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சண்டிகர் பயணக் கட்டுரை படித்தேன். “நேக் சந்த் என்ற வெறும் சாலை ஆய்வாளர் பொழுதுபோக்காகச் செய்த பொம்மைத் தோட்டம், அரை மணி நேரம் போதும்” என்று ஒரு வரி. நானும் 31 ஆண்டுகள் வெறும் சாலை ஆய்வாளராக ஜல்லி அளந்து ஓய்வு பெற்றவன்தான்.

பொழுதுபோக்கா? தாங்கள் அறியாததல்ல. சண்டிகர் நகரைக் கட்ட இடித்த கிராமங்களின் உடைசல்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய், வேலை முடிந்த நேரத்தில், சுக்னா ஏரிப் பக்கத்துக் காட்டில் யாருக்கும் தெரியாமல் கட்டினார். அதுவும் அரசு நிலத்தில்! 1975இல் அதிகாரிகள் கண்ணில் படும்வரை ஏறக்குறைய 18 ஆண்டுகள். நியாயப்படி இடித்துவிட்டு மெமோ கொடுத்திருக்க வேண்டும். 1976இல் தோட்டத்தை மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கு உதவிக் கோட்டப் பொறியாளர் பதவியும் சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்தார்கள். எங்கள் துறையில் அப்படியொரு பதவி உயர்வை நான் கேள்விப்பட்டதில்லை. 1984இல் பத்மஸ்ரீ வேறு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் சுற்றுலா பஸ்ஸில் போனோம். வழிகாட்டி உங்கள் கட்டுரையாளருக்கு உறவோ என்னவோ, அவரும் அரை மணி நேரம்தான் கொடுத்தார். உடைந்த கண்ணாடி வளையல்களையே உடுத்திக்கொண்டு வரிசையாக நிற்கும் பெண் பொம்மைகளின் முன்னால் என் மனைவி நின்றுவிட்டாள். ஒரு பொம்மையின் இடுப்பில் பச்சைத் துண்டுகளை மட்டும் எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டுவதற்குள் விசில் ஊதிவிட்டார் மனிதர். தாழ்வான வாசல்களில் அவசரமாக நுழைந்து நெற்றியில் வாங்கிக்கொண்டதுதான் எனக்கு மிச்சம். அவளுக்கு இன்றும் அந்தக் கணக்கு முடியவில்லை.

குறுக்கெழுத்துப் போட்டியில் விடை தவறு என்று மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. ஊட்டி என்று போட்டுக் கொடைக்கானல் ஏரியின் படத்தை வெளியிட்டீர்கள், அதற்கும் எழுதினேன். சந்தா முடிகிறது என்ற நினைவூட்டல் மட்டும் தேதி தவறாமல் வருகிறது. அந்தப் பணியாளருக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டு அந்த ‘வெறும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஏல அறிவிப்புகளுக்குக் கீழே போடாமல், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில் போட்டால் நல்லது.

ஓய்வு பெற்ற சாலை ஆய்வாளர்,
லால்குடி.