எங்கள் இறகு வைத்த டைனோசர் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் முன்பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆள் உள்ளே நின்று நடத்தும் எங்கள் டைனோசர் உருவங்களின் புதுக்குடியிருப்புக் காட்சிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல்பதிவு உங்களுக்கும் வந்திருக்கும். "டைனோசர் எண்டு காசு வாங்கிப்போட்டு இறகு ஒட்டின கோழியைக் காட்டுறாங்கள்" என்கிறார் ஒருவர். மண்டபத்தில் வைத்துக் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்போம். பிள்ளைகளை ஏமாற்றுகிறோம் என்ற சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அவர் சொல்வது எங்கள் வெலோசிராப்டர் என்ற டைனோசரை. சினிமாப் படங்களில் அதை ஆளுயரத்துக்கு, பல்லித் தோலோடு காட்டிப் பழக்கிவிட்டார்கள். உண்மையில் அது ஒரு வான்கோழி அளவுதான், வால்தான் நீளம். அதன் எலும்புகள் முதலில் கிடைத்தது 1923இல், மொங்கோலியாவின் கோபி பாலைவனத்தில். பிறகு அங்கே கிடைத்த இன்னொன்றின் முன்கை எலும்பில் சிறு முடிச்சுகள் வரிசையாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு, 2007இல் வெளியிட்டார்கள். இறகு பொருந்தி நின்ற இடங்கள் அவை. பல பறவைகளின் இறக்கை எலும்பில் இன்றைக்கும் அதே முடிச்சுகள் உண்டு. ஆகவே இறகைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவந்தால்தான் அது ஏமாற்று. கோழி மாதிரி இருக்கிறதென்றால், பறவைகள் டைனோசர் வழியில் வந்தவைதானே. வீட்டுச் சேவலின் செதில் காலையும் நகத்தையும் ஒருக்கால் உற்றுப் பாருங்கள்.

அந்த இறகுகள் ஒட்டியவையும் அல்ல. ஒவ்வொன்றாகத் துணியில் வைத்துத் தைத்தவை. இரண்டாம் விரலின் வளைந்த நகம் நிலத்தில் படாமல் நடக்க, உள்ளே இருக்கும் பிள்ளை எவ்வளவு பாடுபட்டுப் பழகினார் என்பது எங்களுக்குத் தெரியும். உள்ளே ஆள் இருப்பதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. காட்சி முடிந்ததும் அவரை வெளியே கூட்டிவந்து கைகாட்ட வைக்கிறோம்.

மல்லாவி, முள்ளியவளை, பரந்தன் என்று போன இடமெல்லாம் நீங்கள் தந்த ஆதரவை மறக்க மாட்டோம். மாங்குளத்தில் மழைக்குக் கரண்ட் நின்றபோது, எழுந்து போகாமல் போன் வெளிச்சத்தைப் பிடித்துக் காட்சியை முடிக்க வைத்தீர்கள். உங்கள் பிள்ளைகள் மூன்று கொம்பு டைனோசரான டிரைசெராடொப்ஸின் சொண்டுக்குள் பூவரசம் இலையை வைத்துவிட்டு, "இது யானையை வெல்லுமோ?" என்று கேட்பார்கள். யானை வந்துபோகிற ஊர்ப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி அது. அதற்காகவே இந்தத் தொழிலை விட மனம் வருவதில்லை. பயந்த பிள்ளைகளை மடியில் வைத்துத் தூரத்திலிருந்து காட்டி, மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவருகிற அம்மம்மாக்களுக்குத் தனி நன்றி.

எங்கள் இன்னொரு டைனோசரான டைரனோசரஸுக்குள் நடந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். வேறொருவர் பழகும்வரை அது நின்ற இடத்தில் தலையையும் வாயையும் மட்டும் அசைக்கும். டீசலும் லொறி வாடகையும் ஏறியதால் ரிக்கற் இனி 500 ரூபா. மடியில் இருக்கும் குழந்தைகளுக்கு வழமைபோல இலவசம்.

குரல்பதிவு போட்டவர் அடுத்த காட்சிக்குப் பிள்ளையோடு வரட்டும். அவரிடம் காசு வாங்க மாட்டோம். அந்த முன்கை எலும்பின் படத்தைப் பெரிதாக எடுத்து வாசலில் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உரிமையாளரும் காட்சிக் குழுவினரும்
கிளிநொச்சி