ஐந்தாவது ஃபவுலோடு ஒரு பிள்ளையின் ஆட்டம் முடிந்துவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருடமாகக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்து வருகிறேன். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கூடைப்பந்து பற்றி நாலு வரி வந்தாலும் கத்தரித்து எடுத்து வைப்பேன். அந்த நாலு வரியில் யார் ஜெயித்தார்கள், யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று இருக்கும். ஆனால் எந்த அணியில் யார் ஐந்து ஃபவுல் ஆகி வெளியே போனார்கள், அப்போது எத்தனை நிமிடம் பாக்கி இருந்தது என்பது மட்டும் வரவே வராது. நான் பார்த்த எத்தனையோ மேட்ச்சுகள் அந்த இடத்தில்தான் திரும்பியிருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கூடைப்பந்தில் எதிராளியை இடித்தால், தள்ளினால், கையில் அடித்தால் ஃபவுல். அதற்கு ஈடாக எதிர் அணிக்குப் பந்தோ, யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறியும் ஃப்ரீ த்ரோவோ கிடைக்கும், ஒரு ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஒரு புள்ளி. நம் ஊரில் எல்லாரும் பின்பற்றுவது ஃபிபா என்கிற சர்வதேசச் சம்மேளனத்தின் விதி. அதன்படி ஒருவர் ஐந்து ஃபவுல் செய்துவிட்டால் அவருக்கு அந்த மேட்ச் அத்தோடு சரி. முப்பது விநாடிக்குள் மாற்று ஆள் இறங்க வேண்டும். ஆட்டம் டிரா ஆகி எக்ஸ்ட்ரா டைம் போனாலும் அவர் திரும்ப வர முடியாது.

போன வருடம் பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கீழே ஒரு ஊரில் நடந்த போட்டிக்குப் போனேன். மலையில் ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஏழு பேர் கிடைத்ததே பெரிய விஷயம். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏறினோம், வளைவுகளில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், அதில் ஒருத்திக்குக் கடைசி வரை தலை நிற்கவில்லை, அவளை இறக்கவே முடியவில்லை. ஆக ஆறு பேர். அந்த ஆறில் ஒரே ஒருத்திதான் நல்ல உயரம். அப்பா அம்மா பூண்டுக் காட்டில் வேலை செய்கிறார்கள், அவளும் லீவு நாளில் போவாள். போர்டுக்குக் கீழே நின்று ரீபவுண்ட் எடுக்க, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எங்களுக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நாலு குவார்ட்டர். முதல் குவார்ட்டரில் ஐந்து நிமிடத்துக்குள் அவளுக்கு இரண்டு ஃபவுல். முதலாவது அவள் தப்புதான், கையை நீட்டிவிட்டாள். இரண்டாவதில் அவள் நின்ற இடத்தில் நிற்கிறாள், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு டிரிப்பிள் செய்து வந்த பெண் நேராக வந்து மோதி இரண்டு பேரும் விழுகிறார்கள், விசில் இவள் மேல். பயந்துபோய் நான் அவளை வெளியே எடுத்தேன். இரண்டாவது குவார்ட்டர் முழுக்க அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில் இறக்கினேன். எதிர் அணி கோச் விவரமானவர், பந்தை எடுத்துக்கொண்டு அவள் மேலேயே போகச் சொன்னார். அதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று, நான்கு, அப்புறம் குவார்ட்டர் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஐந்து. ஸ்கோர் டேபிளில் ஃபவுல் எண்ணைக் காட்டும் அட்டை இருக்கும், ஒன்றிலிருந்து நான்கு வரை கறுப்பு எழுத்து, ஐந்து மட்டும் சிவப்பு. டேபிளில் இருந்த பையன் அந்தச் சிவப்பு ஐந்தைத் தூக்கிப் பிடித்தான். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். நாற்பது நிமிட ஆட்டத்தில் அவள் ஆடியது பதின்மூன்று நிமிடம். நாலாவது குவார்ட்டரில் இன்னொரு பிள்ளைக்கும் ஐந்து ஆகிவிட, கடைசி மூன்று நிமிடம் நாலு பேரை வைத்து ஆடினோம். களத்தில் இரண்டு பேர் மிச்சம் இருக்கும் வரை ஆட்டம் நடக்கலாம் என்று விதி இருக்கிறது, அதனால் நடந்தது. எத்தனை புள்ளியில் தோற்றோம் என்று எழுத மனசில்லை.

திரும்பி வரும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அவள் கேட்டாள். "சார், நான் ஃபவுல் பண்ணதுக்கு அந்த அக்கா ஃப்ரீ த்ரோ போட்டு பாயிண்ட் எடுத்துட்டாங்கள்ல? அப்புறம் என்னை எதுக்கு சார் வெளிய அனுப்பினாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விதி அப்படித்தான்மா என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கேட்டது நியாயம். ஒரு தப்புக்கு இரண்டு தண்டனை எதற்கு? ஃபவுலுக்கு உண்டான நஷ்டத்தை எதிர் அணி அங்கேயே ஃப்ரீ த்ரோவாகவோ பந்தாகவோ வசூல் செய்துவிடுகிறது. ஒரு குவார்ட்டரில் அணியின் ஃபவுல் நாலைத் தாண்டினால் அதற்கும் தனியாக இரண்டு ஃப்ரீ த்ரோ. இவ்வளவும் கட்டிய பிறகு ஆளையும் கொடு என்கிறது விதி. கிரிக்கெட்டில் நோ பால் போட்டால் ஒரு ரன் போகிறது, ஒரு நாள் ஆட்டத்தில் ஃப்ரீ ஹிட்டும் போகிறது, அதற்காக ஐந்து நோ பால் போட்ட பவுலரை யாரும் பெவிலியனுக்கு அனுப்புவதில்லை. இடுப்புக்கு மேலே ஆபத்தாகத் திரும்பவும் போட்டால்தான் பந்து போட விட மாட்டார்கள், அப்போதும் அவர் ஃபீல்டிங் செய்யலாம்.

இந்த விளையாட்டு பிறந்தபோதும் இப்படி இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதியது மொத்தம் 13 விதி. அதில், ஒருவர் இரண்டாவது ஃபவுல் செய்தால் அடுத்த கோல் விழும் வரை வெளியே உட்கார வேண்டும், விழுந்ததும் திரும்பலாம். வேண்டுமென்றே காயப்படுத்தப் பார்த்தவரைத்தான் ஆட்டம் முழுக்க வெளியே வைக்கச் சொன்னார், அவருக்கு மாற்று ஆளும் கிடையாது. படித்தவுடன் எனக்கு நம் கபடிதான் ஞாபகம் வந்தது. அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான், தன் அணி பாயிண்ட் எடுத்தால் உயிர் வந்து உள்ளே ஓடுவான். கபடி பார்க்கிற யாருக்கும் அந்த உட்கார்ந்திருக்கும் ஆளின் தவிப்பும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று புரியும். 1920ல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பி.டி. மாஸ்டர்கள் எத்தனை பள்ளிக்கூட மைதானங்களில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! நெய்ஸ்மித்தின் அந்தப் பழைய விதியும் அவர்களோடு வந்து சேர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆறு ஃபவுல் தருகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஆட்டம் 48 நிமிடம், நமக்கு 40. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் எட்டு நிமிடத்துக்கு ஒன்றுதான். எண்ணை ஐந்திலிருந்து ஆறாக்கினால் பிரச்சினை கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் என்.பி.ஏ. விதிப் புத்தகத்தின் இன்னொரு மூலையில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. அணியில் மாற்று ஆளே இல்லாமல் போய்விட்டால், ஆறு ஃபவுல் ஆனவரும் களத்திலேயே நிற்கலாம், அதற்குக் கூடுதலாக ஒரு டெக்னிக்கல் ஃபவுல் தண்டனை உண்டு. 2014 பிப்ரவரியில் கிளீவ்லாந்துக்கு எதிராக லேக்கர்ஸ் அணியின் ராபர்ட் சாக்ரே அப்படித்தான் ஆறு ஃபவுலுக்குப் பிறகும் நின்று ஆடினார், லேக்கர்ஸ் ஜெயித்தும் விட்டது. என்.பி.ஏ.வில் நாலு பேரை வைத்து யாரும் ஆட வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த ஆறு பிள்ளைகளுக்குத்தான் அந்த நிலைமை.

சரி, ஃபிபாவே இதற்கு வழி வைத்திருக்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூன்றுக்கு மூன்று ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டாக இருக்கிறது. அதை நடத்துவதும் இதே ஃபிபாதான். அதில் தனி ஆளின் சாதாரண ஃபவுல்களை எண்ணி யாரையும் வெளியே அனுப்புவதில்லை. காரணம் இதுவாகத்தான் இருக்கும், ஒரு அணிக்கு மாற்று ஆள் ஒரே ஒருவர்தான், ஆளை அனுப்பிக்கொண்டே போனால் ஆட ஆளே மிஞ்சாது. அதற்குப் பதிலாக அணி மொத்தமாகக் கட்டுகிறது. ஏழாவது ஃபவுலிலிருந்து எதிர் அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பத்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே. முரட்டுத்தனமான அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் இரண்டு செய்தவர் மட்டும் வெளியே போவார். ஒலிம்பிக்கில் சரியாக வருகிற ஏற்பாடு நம் பள்ளிக்கூட மைதானத்தில் ஏன் வராது?

நான் கேட்பது இதுதான். ஐந்து ஃபவுல் ஆனவர் களத்தில் இருக்கலாம். ஆனால் அவருடைய ஆறாவது ஃபவுலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிர் அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும். இரண்டையும் போட்டுவிட்டு ஒரு மூன்று புள்ளி ஷாட்டும் விழுந்தால், ஒரே ஃபவுலில் ஐந்து புள்ளி போய்விடும். அந்த விலையைக் கொடுத்து அவரை வைத்திருப்பதா, எடுப்பதா என்று கோச் முடிவு செய்யட்டும். முரட்டு ஆட்டத்துக்கு இப்போது இருக்கிற தண்டனை அப்படியே இருக்கட்டும், அதில் ஒரு இம்மி குறைக்கச் சொல்லவில்லை.

இதற்கு எதிராகச் சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஐந்து ஃபவுல் பயம் இருப்பதால்தான் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காலால் டிஃபென்ஸ் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பழைய கோச்சுகள் சொல்வார்கள். அந்தக் கால என்.பி.ஏ. நட்சத்திரம் வில்ட் சேம்பர்லினை எடுத்துக்கொள், 1,045 என்.பி.ஏ. ஆட்டங்களில் ஒரு தடவைகூட ஃபவுலால் வெளியே போனதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஃபவுல் ஏறிவிட்டால் அவர் ஷாட்டைத் தடுக்கவே போக மாட்டார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. இங்கேயும் அதைத்தான் பார்க்கிறேன். நாலு ஃபவுல் ஆன பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிராளிக்கு வழி விடுகிறது, பார்க்கிற நமக்கு அது டிஃபென்ஸ் மாதிரி தெரிகிறது.

பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைப்பதே யாராவது ஐந்து ஃபவுல் ஆகும்போதுதான் என்கிற வாதம் மட்டும் எனக்குள் குத்துகிறது. எங்கள் அணியிலேயே ஒரு பிள்ளை அப்படித்தான் முதல்முதலாக முழு குவார்ட்டர் ஆடினாள். அவளை முன்பே இறக்காதது என் தப்பு. அதைச் சரி செய்ய வேண்டியவன் நான்தான், விதியை நம்பி உட்கார்ந்திருந்தது சரியில்லை.

நடுவர் விஷயமும் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சின்னப் போட்டிகளில் இரண்டு பேர் வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுகிறார்கள், ரீப்ளே பார்க்க வழியில்லை, தப்பு வரத்தான் செய்யும். தப்பான ஒரு விசில் இரண்டு ஃப்ரீ த்ரோவோடு போனால் அடுத்த நிமிடத்தில் ஈடுகட்டிவிடலாம். அதே விசில் ஐந்தாவதாக வந்தால் ஈடுகட்ட வேண்டிய ஆளே களத்தில் இல்லை. எங்கள் சிமெண்ட் கோர்ட்டில் ஐப்பசி கார்த்திகை மாதத்தில் மூன்று மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிடும், தரை ஈரம், பந்து வழுக்கும், பிள்ளைகள் நிற்க நினைத்தும் நிற்க முடியாமல் ஒருத்தர் மேல் ஒருத்தர் போய் விழுவார்கள். அதுவும் எண்ணில் சேர்கிறது.

இந்த ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் மட்டும் நான் சொன்ன முறையில் ஆடிப் பார்க்கிறோம். முதல் வாரம் ஒரு பையன் ஐந்தானதும் பழக்கத்தில் தானாக வெளியே நடந்தான், திரும்ப உள்ளே போகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஆறாவது செய்தான். எதிர் அணி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டு, பந்தை எடுத்து இன்னொரு கூடையும் போட்டது. அவன் அணியின் மற்ற நாலு பேரும் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதன் பிறகு எந்த நடுவரும் அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுபடி அவன் தடுமாறுவது தெரிந்ததும் நானே அவனை வெளியே கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு அவனாகவே வந்து, "இப்ப இறங்கட்டுமா சார்?" என்று கேட்டான். இறங்கினான், மிச்ச ஆட்டத்தில் ஒரு ஃபவுலும் இல்லை.

மாநிலச் சாம்பியன்ஷிப், தேசியப் போட்டி எல்லாம் ஃபிபா மாற்றினால்தான் மாறும், அது எனக்குத் தெரியும். ஆனால் கோடை லீவில் மலையிலும் அடிவாரத்திலும் எத்தனையோ போட்டிகள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க எங்கள் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் கூட்டிப்போகிறேன், அப்படி ஆட்டத்தை நேசிக்கிற ஊர்கள் நமக்கு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்காகப் போட்டி நடத்துகிறவர்கள், பதினாறு வயதுக்கு உட்பட்ட ஆட்டங்களிலாவது, அதுவும் எட்டுப் பேருக்குக் குறைவாக வருகிற அணிகளுக்காவது, இந்த ஒரு சீசன் இதை முயன்று பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். யாராவது அறிவித்தால் நாங்கள் ஏழு பேரோடு வருகிறோம். அந்தப் பெண் இந்த வருடமும் ஆடுகிறாள். எங்கள் முதல் மேட்சைப் பதினொரு மணிக்கு மேல் வைத்தால் போதும், வண்டி இறங்கி வர நேரம் ஆகும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ரசிகன்,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.