நமது கராத்தே சங்கத்தின் ஆண்டறிக்கை (பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

தலைவர் அவர்களே, மாஸ்டர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். படித்தார்களா இல்லையா என்று நீல டிக் சொல்லிவிடும்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பெல்ட் டெஸ்ட் இரண்டு முறை நடந்தது. சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் செய்து காட்டினார்கள். ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் வழங்கப்பட்டது. மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்களின் பெயர்கள் பலகையில் உள்ளன. அக்டோபர் 25 கராத்தே தினம். 1936இல் அதே தேதியில் ஜப்பானின் ஒகினாவா தீவுக் கராத்தே ஆசான்கள் நாஹா நகரில் கூடிப் பேசியதை வைத்து, 2005இல் அங்கே அறிவிக்கப்பட்ட நாள் அது. நமக்கு அன்று மழை. வகுப்பு நடக்கவில்லை.

அடுத்து, சனிக்கிழமைத் திட்டம். இதைப் பற்றி எனக்குப் பின்னால் நிறையப் பேச்சு நடந்ததால், முன்னால் நின்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சனிக்கிழமை வகுப்புக்கு முன் அரை மணி நேரம் எல்லோருமாக ஹாலைப் பெருக்கி, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அப்புறம் கராத்தே ஆசான் ஃபுனகோஷி எழுதிய 20 நெறிகளில் ஒன்றைப் படித்துப் பேச வேண்டும். அதன் பிறகு வருடம் முழுக்க ஒரே ஒரு கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. அதன் பெயர் ஹெயான் ஷோதான். மாஸ்டரின் சம்மதத்தோடும் செயற்குழுவின் தீர்மானத்தோடும்தான் இது தொடங்கியது. மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்களில் சிலரை அதன் பிறகு சனிக்கிழமையில் பார்க்க முடியவில்லை.

"பிள்ளையைத் தரை துடைக்கவா அனுப்புகிறோம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைச் செய்து காட்டப் போன கிச்சின் ஃபுனகோஷிக்கு அப்போதே ஐம்பது வயது தாண்டிவிட்டது. பள்ளி ஆசிரியராக இருந்தவர். அங்கே ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் காவல், தோட்ட வேலை, அறை பெருக்குவது எல்லாம் பார்த்துக்கொண்டுதான் கராத்தே சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் அவரைப் பார்க்க வந்த பத்திரிகைக்காரர், தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடமே "கராத்தே ஆசிரியர் ஃபுனகோஷி எங்கே?" என்று விசாரித்திருக்கிறார். இவர் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், உடை மாற்றிக்கொண்டு வந்து, "நான்தான் ஃபுனகோஷி" என்றாராம். இன்று உலகம் முழுக்க ஷோடோகன் பாணிக் கராத்தே செய்பவர்கள் வணங்கும் படத்தில் இருப்பவர் அவர்தான். நம் ஹால் சுவரில் மாட்டியிருப்பதும் அதே படம். அதற்கு மாலை போட ஆள் இருக்கிறது, கீழே தரையைத் துடைக்கத்தான் ஆள் இல்லை.

துடைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பையன் ஒருவன். இரண்டு உள்ளங்கைகளையும் துணியில் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே ஓட்டமாக ஓடுவான். ஜன்னல் மூலையில் புறா எச்சம் காய்ந்து கிடக்கும் இடத்தை மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அவன் தண்ணீர் தெளித்து, ஊறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். "வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டான், இங்கே பாருங்கள்" என்றார் அவன் அம்மா. அது பாராட்டா புகாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அவனை அவர் நிறுத்தவில்லை.

ஒரே கட்டா பற்றியும் புகார் வந்தது. ஹெயான் ஷோதானில் மொத்தம் 21 அசைவுகள், செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, இதற்கு ஒரு வருடமா என்று. ஃபுனகோஷி இளைஞராக இருந்தபோது இரவு நேரத்தில் ஆசான் அசாதோ வீட்டு முற்றத்தில்தான் பயிற்சி. அசாதோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் "இன்னொரு முறை" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும். டெக்கி என்ற மூன்று கட்டாக்களுக்கு அவருக்குப் பத்து வருடம் ஆனது. நாம் கேட்டது ஒன்றுக்கு ஒரு வருடம்.

வேறிடத்தில் கறுப்பு பெல்ட் வாங்கிய கல்லூரி மாணவர் ஒருவர் இந்த வருடம் நம்மிடம் சேர்ந்தார். முதல் நாள் மாஸ்டர் அவருடைய பின்கால் குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டு, குத்தச் சொன்னார். அவர் குத்தினார். மாஸ்டர் காகிதத்தை இழுத்தார், சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. குதிகால் தரையில் இல்லவே இல்லை. அந்த மாணவர் மறுவாரம் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளின் வரிசையில் வந்து நின்றார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. மழைக்காலத்துக்குள் காகிதம் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை.

"சண்டை எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்பது பெரிய பையன்களின் கேள்வி. அவர்களுக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஒரு கராத்தே இறுதிப் போட்டியைச் சொன்னேன். 2021 ஆகஸ்டில் புதோகன் அரங்கில் நடந்தது. சவூதியின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதையில் ஈரானின் சஜாத் கஞ்சஸாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். அடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஹமெதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தங்கம் மயங்கிக் கிடந்தவருக்குப் போனது. பையன்கள் இது அநியாயம் என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். போட்டி விதிகளைப் பற்றி எனக்கும் சந்தேகங்கள் உண்டு. ஆனால் கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது ஃபுனகோஷியின் நெறி. காமகுராவில் அவருடைய நினைவுக் கல்லிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது. ஹெயான் ஷோதானின் முதல் அசைவும் இடப்பக்கம் திரும்பி, கீழே வரும் அடியைத் தடுப்பதுதான். அந்தத் தடுப்பே இன்னும் சரியாக வராதபோது சண்டைக்கு என்ன அவசரம்?

கோயில் திருவிழாவில் ஓடு உடைத்துக் காட்டவும், வயிற்றின் மேல் பைக் ஓட்டவும் அழைப்பு வந்தது. மாஸ்டரும் நானும் மறுத்துவிட்டோம். நன்கொடை போச்சு என்று வருத்தப்பட்டவர்கள் தங்கள் சந்தாவைக் கட்டியிருந்தால் அந்த நன்கொடையே தேவைப்பட்டிருக்காது.

சந்தா விஷயத்துக்கு வந்துவிட்டோம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பாக்கி. சிலருக்குப் போன வருடத்து பாக்கியே நிற்கிறது. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை, பட்டியல் என் பையில் இருக்கிறது. உண்மையிலேயே கஷ்டம் என்றால் பொருளாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், வழி இருக்கிறது. டோக்கியோவில் ஃபுனகோஷியிடமே பணம் இல்லை. விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தன் சாப்பாட்டுக் கணக்கில் தள்ளுபடி வாங்கிக்கொண்டார். அப்படி ஏதாவது ஏற்பாட்டோடு யாராவது வந்தால் சங்கம் வரவேற்கும். இதுவரை வந்தவை நாளைக்கு, அடுத்த வாரம், சம்பளம் வரட்டும் ஆகியவை மட்டுமே.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு குறைந்திருக்கிறது, ஹால் வாடகை ஏறியிருக்கிறது, இடைவெளியைச் செயற்குழுவில் ஓரிருவர் கைக்காசு போட்டு நிரப்பியிருக்கிறோம். சனிக்கிழமைத் திட்டத்தால்தான் ஆள் குறைந்தது என்று ஒரு பேச்சு. நின்றுவிட்டவர்களில் பெரும்பாலோர் திட்டம் தொடங்குவதற்கு முன்பே வராதவர்கள். வருகைப் பதிவேடு மேஜையில் இருக்கிறது, புரட்டிப் பார்க்கலாம்.

ஹால் தந்த நிர்வாகத்துக்கும், மாஸ்டருக்கும், மைக் செட் தந்த அண்ணனுக்கும், தேநீர் போட்டுத் தந்த அக்காவுக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும் நன்றி. விட்டுப்போன பெயர்கள் இருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த வருடம் இரண்டாவது கட்டாவுக்குப் போகலாம் என்பது மாஸ்டரின் எண்ணம். தரைவிரிப்பு மூன்று இடங்களில் கிழிந்திருக்கிறது, ஒரு குழந்தையின் கால் மாட்டுவதற்குள் மாற்றியாக வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்ள முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியைத் தந்துவிடுவேன். ஒரே நிபந்தனை, சனிக்கிழமை ஐந்தரைக்கு வந்து ஹாலைத் திறக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் நானே தொடர்கிறேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்