கன்ட்ரோல் உள்ளே வந்துவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வகப் படிப்பில் தரக் கட்டுப்பாடு இன்னமும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடமாகவே இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டு அளவுகளைக் குறித்துவைக்கும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் 1950, அவற்றை ஏற்பதா நிராகரிப்பதா என்று சொல்லும் வெஸ்ட்கார்டு விதிகள் 1981 என்று மாணவர்கள் சரியாக எழுதிவிடுவார்கள், ஆனால் காலையில் ஓட்டும் கன்ட்ரோல் (இயந்திரத்தைச் சோதிக்க வைத்திருக்கும், அளவு முன்பே தெரிந்த மாதிரி) சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்தை, அதாவது வழக்கமான ஏற்ற இறக்கத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "திரும்ப ஓட்டிப் பார்ப்போம்" என்பதுதான் பதில். இரண்டாம் முறை எல்லைக்கு உள்ளே வந்துவிட்டால் சரி என்று விட்டுவிடுவது ஆபத்து. ரீஏஜென்ட் (பரிசோதனை வேதிப்பொருள்) லாட் மாறியதா, கேலிப்ரேஷன் (இயந்திரத்தின் அளவீட்டைச் சரிசெய்வது) கடைசியாக எப்போது, கன்ட்ரோல் குப்பி திறந்து எத்தனை நாள் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும். காரணம் தெரியும்வரை நோயாளிகளின் முடிவு ஒன்றுகூட வெளியே போகக்கூடாது.

அப்புறம், நோயாளியிடம் எடுத்த மாதிரியே கெட்டிருந்தால் இயந்திரம் என்ன செய்யும்? ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) குழாய் ரத்தத்தைக் கொஞ்சம் சீரம் குழாயில் ஊற்றினால் போதும், பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும், கன்ட்ரோலோ எந்தக் குறையும் காட்டாது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலை, மாதிரி எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நம் செய்முறை வகுப்புகள்தான் அதைத் தொடுவதே இல்லை.

கல்லூரிகள் செய்முறைத் தேர்வில் வேண்டுமென்றே இப்படிப் பழுதான மாதிரிகளைக் கலந்து வைக்கட்டும். அதைக் கண்டுபிடித்து நிராகரிக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்பநர்