கண்ணு, தப்பு உன் கையில இல்ல

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயித்துக்கிழமை போன்ல நீ சிரிச்சுக்கிட்டேதான் சொன்ன. ஒசாகாவுல நிப்பொன்பாஷிப் பக்கம் ஒரு பழைய கடையில ஃபாமிகாம்ங்கற நின்டெண்டோ கம்பெனியோட பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கினதா, மாரியோ போட்டு ஆடினா ஓட்டத்தைப் பிடிக்க முடியலையாம், முதல் ஸ்டேஜ்லயே மூணு உயிரும் போச்சாம். "எட்டு வயசுல கண்ணை மூடிட்டு ஆடினேன், இப்ப முப்பத்தேழுல கை மழுங்கிப் போச்சும்மா"ன்ன.

நானும் சிரிச்சுட்டு வச்சுட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. முப்பது வருசம் டிவி ரிப்பேர் பார்த்தவ நான். "முன்ன மாதிரி ஓடல"ன்னு யாராவது சொன்னா ஆளைச் சந்தேகப்பட எனக்கு வராது, பெட்டியைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு வாரமா படிச்சுப் பார்த்து, பரண்ல இருந்த நம்ம பழைய வீடியோ கேமையும் இறக்கிக் கழட்டிப் பார்த்துட்டுத்தான் இதை எழுதுறேன். போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா, சரிம்மா"ம்ப.

உன் கை மழுங்கல சாமி. நீ சின்னதுல ஆடின மாரியோதான் மெதுவா ஓடினவன். ஆறுல ஒரு பங்கு மெதுவு.

ஐடிஐல எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்த பாடம் இது. நம்ம ஊர் டிவி பால் (PAL)ங்கற முறை. 625 கோடு, நொடிக்கு 50 தடவை திரையை நிரப்பும். ஜப்பான்ல என்டிஎஸ்சி. 525 கோடு, நொடிக்கு 60 தடவை. அந்தக் காலத்து கேம் மிசின்ல ஆட்டத்துக்குத் தாளம் போடுறதே இந்தத் திரைதான். ஒரு படம் வரைஞ்சு முடிஞ்சதும் படம் வரையுற சிப், கணக்குப் போடுற சிப்பைத் தட்டி எழுப்பும். அது மாரியோவை ஒரு அடி நகர்த்தும், ஆமையை ஒரு அடி நகர்த்தும், பாட்டுல அடுத்த சுரத்தைப் பார்க்கும். அப்புறம் அடுத்த தட்டலுக்குக் காத்திருக்கும். ஜப்பான்ல நொடிக்கு 60 தட்டல், நம்ம வீட்டுல 50. ஆட்டம் அதே ஆட்டம், தாளந்தான் வேற. பாட்டும் நம்ம வீட்டுல கொஞ்சம் இழுத்துத்தான் பாடியிருக்கும். இப்ப கேட்டா அவசரப்படுற மாதிரி இருக்குமே, கவனிச்சியா?

நின்டெண்டோக்காரங்க தாங்களே ஐரோப்பாவுக்கு மாரியோவை அனுப்பினப்ப, 50க்கு ஏத்த மாதிரி ஓட்டத்தைத் திருத்தித்தான் அனுப்பினாங்க. நமக்கு வந்ததை யாரும் திருத்தல. ஏன்னா நமக்கு அனுப்பினது அவங்களே இல்ல.

இங்கதான் உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். 1996ல உங்கப்பா சென்னை ரிச்சி தெருவுக்கு ஸ்பேர் வாங்கப் போனப்ப அந்தப் பெட்டியை 850 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தார். நீ தெருவெல்லாம் "ஜப்பான் வீடியோ கேம்"னு சொல்லிட்டுத் திரிஞ்ச. நானும் ஆமான்னேன். அந்தக் கோடை லீவுலயே, நீ ஒருநாள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆடி அது சூடாகி நின்னு போச்சே, அன்னைக்கு நீ தூங்கினதும் கழட்டினேன். அவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. 7805 ரெகுலேட்டர் ஒண்ணு, டிவிக்கு ஆன்டெனா வழியா அனுப்புற தகர டப்பா ஒண்ணு, நாலஞ்சு கண்டென்சர். நடுவுல ரோட்டுத் தார் சொட்டின மாதிரி கருப்பா ஒரு உருண்டை. அதுல நம்பர் இல்ல, பேர் இல்ல, கால் இல்ல. மொத்த மிசினும் அந்தச் சொட்டுக்குள்ள. பாக்கி இடமெல்லாம் காத்து. கனமா இருக்கட்டும்னு அடியில ஒரு இரும்புத் தகட்டை வேற திருகி வச்சிருந்தாங்க!

போனது ரெகுலேட்டர்தான். அடாப்டர்ல இருந்து வர்ற 9 வோல்ட்டை அது 5 வோல்ட்டாக்கித் தரணும். கூட ஒரு அலுமினியத் துண்டு இருந்திருந்தா சூடு தாங்கியிருக்கும், அந்த எட்டணாவை மிச்சம் பிடிச்சிருக்காங்க. மாத்தி, பழைய டிவில இருந்து ஒரு ஹீட்சிங்க்கைக் கழட்டி மாட்டி மூடிட்டேன். காலையில நீ "ஜப்பான் மிசினாச்சே, தானா சரியாயிடுச்சு"ன்ன. சிரிப்பை அடக்கிட்டு உனக்கு இட்லி வச்சேன்.

அடுத்த வருசம் சத்தியமங்கலத்துல இருந்து ஒருத்தர் இன்னும் பழைய மாடல் ஒண்ணைக் கொண்டு வந்தார். அதுக்குள்ள தார் சொட்டு இல்ல, நாப்பது கால் சிப் ரெண்டு இருந்துச்சு. யுஏ6527பி, யுஏ6538. தைவான் யுஎம்சி கம்பெனிச் சரக்கு. ஜப்பான் சிப்பு ரெண்டையும் பால் டிவிக்கு ஏத்த மாதிரி செஞ்ச நகல். இதே சரக்குதான் ரஷ்யாவுக்கு 1992ல டெண்டின்னு பேர் மாத்திப் போச்சு, போலந்துக்குப் பெகாசஸ்னு போச்சு. அங்க உன் வயசுப் பிள்ளைங்களுக்கும் மாரியோ இதே 50 தாளத்துலதான் ஓடியிருக்கும்.

அசலைச் செஞ்சவர் பேரு மசாயுகி உயெமுரா. எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. ஷார்ப் கம்பெனில சோலார் செல் விக்கப் போன ஆளு, அப்படியே நின்டெண்டோவுக்குள்ள போயிட்டார். அப்ப அது 1889ல கியோத்தோவுல சீட்டுக்கட்டு அச்சடிக்க ஆரம்பிச்ச கம்பெனி. 1981ல முதலாளி யமாவுச்சி இவரைக் கூப்பிட்டு, வீட்டு டிவில மாட்டி ஆடுற மாதிரி, கேசட் மாத்துற மாதிரி ஒண்ணு வேணும்னார். உயெமுரா முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? போட்டிக் கம்பெனிப் பெட்டிகளை வாங்கிக் கழட்டிப் பார்த்தது. கழட்டிப் பார்க்காம யாரு எதைக் கத்துக்கிட்டா?

1983 ஜூலை 15ல கடைக்கு வந்துச்சு, விலை 14,800 யென். வந்த சூட்டோட சில பெட்டிங்க ஆட்டத்துக்கு நடுவுல உறைஞ்சு போச்சு. சிப்புல கோளாறு. அவங்க பூசி மெழுகல. பெட்டிங்களைத் திரும்ப வாங்கி போர்டையே மாத்திக் கொடுத்தாங்க. இதைப் படிச்சப்ப கடையில நான் "ஒண்ணும் இல்லீங்க, லூஸ் காண்டாக்ட்"னு சொல்லி அனுப்பின நாலஞ்சு பேர் ஞாபகத்துக்கு வந்தாங்க. அது கிடக்கட்டும்.

அந்த மிசினோட மூளை ரிக்கோ கம்பெனி செஞ்ச 2ஏ03. அமெரிக்காக்காரங்க 1975ல மலிவா வித்த 6502 சிப்பைத்தான் உள்ள வச்சு, கூடவே சத்தம் போடுற பகுதியையும் சேர்த்துக்கிட்டாங்க. வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலைக்கான நினைவகம் 2 கிலோபைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்னு நீதான் ஒருக்கா எனக்குச் சொல்லித் தந்த. அப்படிப் பார்த்தா "கண்ணு"ங்கறதுக்கு 15 பைட். உன்னை 136 தடவை கூப்பிட்டா அந்த மிசின் நினைவு நிறைஞ்சு போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிக்காத.

மாரியோ ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். மேல போற மேகத்தையும் கீழ இருக்கற புதரையும் இன்னைக்குப் போட்டுப் பாரு. ரெண்டும் ஒரே படம். ஒண்ணுக்கு வெள்ளை, ஒண்ணுக்குப் பச்சை. ஒரே துணியில அண்ணனுக்குச் சட்டை, தங்கச்சிக்குப் பாவாடைன்னு தைச்ச காலத்து ஆளுங்களுக்கு இது புரியும்.

இன்னொண்ணு, இது என் கூத்து. கான்ட்ராங்கற துப்பாக்கி கேம் ஆடறப்ப குண்டு நிறைய பறந்தா ஆளுங்க மினுக் மினுக்குன்னு மறைஞ்சு மறைஞ்சு வருவாங்க, ஞாபகம் இருக்கா? டிவில கோளாறுன்னு நினைச்சேன். ரெண்டு நாள் அந்த 14 இஞ்ச் டிவியைத் திறந்து வச்சு, டிரை சோல்டர், அதாவது ஈயம் சரியா ஒட்டலன்னு ஹாரிசான்டல் பக்கம் பூராவும் மறுபடி பத்த வச்சேன். ஈயம் போனதுதான் மிச்சம். விசயம் என்னன்னா, நகருற துண்டுங்க திரை பூராவுக்கும் 64தான், அதுலயும் ஒரு கோட்டுல எட்டுக்கு மேல அந்த மிசினால வரைய முடியாது. ஒன்பதாவது வந்தா விட்டுடும். எப்பவும் ஒரே ஆள் காணாமப் போயிடக் கூடாதுன்னு, எழுதினவங்க படத்துக்குப் படம் வரிசையை மாத்தி வைப்பாங்க. அதான் மினுக்கு. பத்துப் பேருக்கு எட்டுத் தட்டு இருந்தா பந்தியில மாத்தி மாத்தி உட்கார வைப்போமே, அந்த மாதிரி. இது தெரிய எனக்கு இருபத்தெட்டு வருசம் ஆயிருக்கு.

உங்க தாத்தா, அப்பாரு, டிவி கேம்ல வாத்து சுடுவாரே, அந்தக் கன்னையும் நேத்துக் கழட்டினேன். டிவிக்குள்ள என்னமோ பாயுதுன்னு அவர் கடைசி வரைக்கும் நம்பினார், கன்னை நீட்டினா யாரையும் குறுக்க போக விட மாட்டார். அதுல இருந்து எதுவும் வெளிய போறதே இல்ல. டிவில இருந்து வர்ற வெளிச்சத்தைப் பார்க்குற கண்ணு ஒண்ணு, முன்னாடி ஒரு லென்ஸு, அவ்வளவுதான். குதிரையை இழுத்ததும் திரை ஒரு நொடிப்பொழுது கருப்பாகும், அடுத்து வாத்து இருக்கற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். முதல்ல இருட்டு, பின்னால வெளிச்சம்னு கன்னுக்குத் தெரிஞ்சா வாத்து விழும். நீ டியூப்லைட்டைச் சுட்டு ஏமாத்தப் பார்த்தியே, அதான் பலிக்கல. உயெமுரா ஷார்ப்ல வித்த ஒளி செல் இருக்கே, நின்டெண்டோவோட முதல் வெளிச்சத் துப்பாக்கி பொம்மைங்க அதை வச்சுத்தான் வந்துச்சு. இப்ப இருக்கற தட்டை டிவில இந்தக் கன் வேலை செய்யாது. படம் வந்து சேர ஒரு இம்மி தாமதம், அந்த இம்மியில வாத்து தப்பிச்சிரும்.

நகல் எடுக்க இவ்வளவு சுலபமா விட்டிருக்காங்களேன்னு தோணும். ஃபாமிகாம்ல பூட்டு சிப் இல்ல. 1985ல அமெரிக்காவுக்குப் போன பெட்டியிலதான் பூட்டு வச்சாங்க. கேசட்ல சரியான சாவி சிப் இல்லாட்டி நொடிக்கொரு தடவை தானா ரீசெட் ஆகும். ஜப்பான் பெட்டி கதவைச் சாத்தாம விட்ட வீடு. தைவான்காரன் நுழைஞ்சான், அப்புறம் ஊருலகமே நுழைஞ்சுது. அசல் உலகம் பூரா 6 கோடியே 19 லட்சம் வித்துச்சாம். நம்ம வீட்டுது அந்தக் கணக்குல இல்ல.

அதுக்கு வெக்கப்படணுமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். உயெமுராவுக்கு நாம ஒரு பைசா கொடுக்கல, அது நிசம். அவர் 2021 டிசம்பர்ல காலமானார், நின்டெண்டோவை விட்டப்புறம் ரிட்சுமெய்க்கான் பல்கலைக்கழகத்துல கேம் பத்திப் பாடம் நடத்தினாராம். ஆனா அப்ப ஈரோட்டுல அசல் எந்தக் கடையில வித்துச்சு? தெரிஞ்சிருந்தாலும் அந்த விலைக்கு எங்க போவேன்? இப்ப நீ கடையில காசு கொடுத்து அசலை வாங்கிட்ட. பழசுக்கு அது ஈடாகாதுன்னு தெரியும். இருந்தாலும் எனக்கு ஒரு நிம்மதி.

நீ அனுப்பின படத்துல பின்னாடி ஏவி சாக்கெட் தெரியுது. அப்ப அது 1993ல வந்த புது மாடல். பழைய சிவப்பு வெள்ளைப் பெட்டிக்கு ஆன்டெனா வழி மட்டுந்தான், ஆனா அதுல ரெண்டாவது ஜாய்ஸ்டிக்ல ஒரு மைக் இருக்கும். அந்தக் கூத்து உனக்குக் கிடைக்காது. பொங்கலுக்கு வர்றப்ப அதைக் கொண்டு வந்தா, அடாப்டரை நம்ம சுவர்ல சொருகிடாத, அது 100 வோல்ட் சரக்கு. கடையில வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் இருக்கு, நான் போட்டுத் தர்றேன்.

நேத்து நம்ம பெட்டிக்கு மறுபடியும் ஒரு 7805 மாத்தினேன். ஓடுது. ஒரு ஸ்டேஜ் ஆடலாம்னு உட்கார்ந்தேன். 50ல கூட என்னால முடியல, முதல் பள்ளத்துலயே விழுந்துட்டேன். உங்கப்பா பின்னாடி நின்னுட்டு "தாண்டு, தாண்டு"ங்கறார், அவருக்கு எந்த பட்டன்னே தெரியாது.

உன் கான்ட்ரா கேசட்டும் பரண்லதான் இருந்துச்சு, அந்த மஞ்சள் கலர். பின்னை எல்லாம் பென்சில் ரப்பர் வச்சுத் தேச்சிருக்கேன், பச்சை போயிருச்சு. அந்தப் பச்சை நீ ஊதி ஊதி எச்சில்ல பிடிச்சது. நகல்னாலும் 60 பின்தான், உன் பெட்டியில அப்படியே பொருந்தும். தபால்ல அனுப்பறேன். வந்ததும் ஊதாம போடு.

இப்படிக்கு,
அம்மா